கொழும்புத்துறையில் பகலில் எரிந்த விளக்குகள்

நான் ஓய்வு பெற்ற பிறகு, மாநகர சபை மின்பிரிவில் என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவர் தவநேசன். போன மாதம் அவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கொழும்புத்துறையில் ஓர் ஒழுங்கை தெருவோடு சேரும் முகப்பில் நிற்கும் லைற் போஸ்ற். விளக்குக்குப் போகும் வயரோடு ஒட்டியபடி இன்னொரு வயர் மேலே ஏறி, சின்னச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுக்குள் போகிறது. அந்த வயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். பின்னாலேயே அழைப்பும் வந்தது.

“அண்ணை, உந்த வயர் ஒரு வரைபடத்திலையும் இல்லை. கழற்றலாமோ?”

நகரம் முழுவதற்கும் இலவச வைஃபையைச் சபையே நடத்துவதா, தனியார் கொம்பனியிடம் கொடுப்பதா என்ற பேச்சு மறுபடி தொடங்கியிருக்கிறதாம். யாருடைய கைக்குப் போனாலும் போஸ்ற்றுகளில் பழைய சாமான் கிடக்கக்கூடாது என்று கட்டளை. ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை ரெலிபோனில் சொல்லி முடிக்க ஏலாது. எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன்.

நான் மின்பிரிவில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சண்டைக் காலம். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். தெரு விளக்குப் பகுதியில் என்றதும் மாமனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எரியாத விளக்குகளுக்குக் காவல் இருந்தோம், ஏணி தூக்கினோம், கம்பி களவு போகாமல் பார்த்தோம். பிறகு மின்சாரம் வந்தது. ஏணிக்காரன் மேற்பார்வையாளன் ஆனேன். அந்த வருடங்களில் உடம்பில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். விளக்கு வேலைக்காரன் தான் செய்த வேலையைப் பொழுதுபட்ட பிறகுதான் சோதித்துப் பார்ப்பான். பகலில் விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். அப்போது பல ஒழுங்கைகளில் தெரு விளக்குகள் தாமாக எரிவதில்லை. ஒழுங்கை முகப்புப் போஸ்ற்றில் ஆள் உயரத்தில் ஒரு சுவிச் பெட்டி இருக்கும். பக்கத்து வீட்டார் பின்னேரம் ஆறு மணிக்குப் போட்டு, விடிந்ததும் நிறுத்துவார்கள். சம்பளம் இல்லை, கடிதம் இல்லை. அந்த வீட்டை நாங்கள் சுவிச் வீடு என்போம். சுவிச் வீட்டார் கலியாணம் காட்சிக்கு வெளியூர் போனால் ஒழுங்கையே இருட்டில் கிடக்கும். ஆனாலும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

எனக்குக் கடைசியாக வாய்த்த மேலதிகாரி பொறியியலாளர் ரூத் மிஸ். தெல்லிப்பழை ஆள். தகப்பன் மிஷன் பள்ளியொன்றில் கணக்குப் படிப்பித்தவர். மிஸ் என்னை விடப் பத்து வயது இளையவர் என்றாலும், அவர் முன்னால் நிற்கும்போது நான் வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் போலத்தான் நிற்பேன். சத்தம் போட மாட்டார். பழுப்புக் கடதாசியால் உறை போட்ட குறிப்புப் புத்தகம் ஒன்றை எங்கள் ஒவ்வொருவருக்கும் தந்திருந்தார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ‘கண்டது’, வலது பக்கம் ‘கேட்டது’. நினைச்சதை எங்கே மிஸ் எழுதுறது என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன். அதற்குத்தான் இடம் விடவில்லை என்று, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் பதில் வந்தது.

பிழை செய்தவனுக்கு அவர் கொடுக்கும் தண்டனை ஒன்றே ஒன்றுதான். எழுதிய அறிக்கையை அவன் கையிலேயே கொடுத்து, “வாசியுங்கோ” என்பார். அவன் வாசித்து முடிக்கும் வரைக்கும் அவரும் எழுந்து நின்று கேட்பார். மூன்றாவது வரியில் நமக்கே வெட்கம் வந்துவிடும். பேச்சு வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

இந்த நேரத்தில்தான் சபைக்கு இலவச வைஃபைத் திட்டம் வந்தது. பஸ் நிலையம், சந்தை, பூங்கா என்று சனம் கூடும் இடங்களில் பெட்டிகள் பூட்டினோம். அவற்றுக்குப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்து மின்சாரம் எடுத்தோம். இதைத் தவிர, தனியார் கொம்பனிகளின் கேபிள் எட்டிப் பார்க்காத மூன்று ஒழுங்கைகளிலும் பெட்டி பூட்ட முடிவானது. கொழும்புத்துறைக் கரையோர ஒழுங்கை அதில் ஒன்று. அந்த மூன்றுக்கும் மின்சாரம் கொடுத்தவன் நான். பெட்டி நிற்பது லைற் போஸ்ற்றில். மின்சாரமும் லைற் போஸ்ற்றில் இருக்கிறது. விளக்குக்குப் போகும் வயரிலேயே முடிச்சுப் போட்டுவிட்டேன். அரை மணித்தியால வேலை.

சோதனையும் முறைப்படி செய்தோம். இருபது காலடிக்கு ஒருமுறை ஒருவர் நின்று, கைத்தொலைபேசியில் எத்தனை கோடு தெரிகிறது என்று சத்தமாகச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். மூன்று நாள் நடந்தோம். எல்லாம் முழுக் கோடு. மூன்று நாளும் நாங்கள் நடந்தது பின்னேரம் ஆறரைக்குப் பிறகு என்பதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

பெட்டிகள் எவ்வளவு பாவனையில் இருக்கின்றன என்று, மணிக்கு மணி கோடு ஏறி இறங்கும் ஒரு வரைபடம் மாதாமாதம் கந்தோருக்கு வரும். கொழும்புத்துறை வரைபடத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மண்டையைக் குடைந்தோம். பின்னேரம் ஆறில் இருந்து பெரிய மேடு. விடிந்ததும் வெறும் தரை. பகல் முழுக்கத் தரைதான். ஆனால் மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு சின்னக் குன்று எழும்பி, ஒன்றே காலுக்கு முன் விழுந்துவிடும், தரவை வெளியில் தனியே ஒரு பனை நிற்பதுபோல. ஒவ்வொரு நாளும் அதே நேரம். கரையோரச் சனம் பகலில் கடலும் சந்தையுமாக இருக்கும், வைஃபைக்கு எங்கே நேரம் என்று தரைக்கு நானே விளக்கம் சொன்னேன். குன்றுக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

குணம் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அரச வேலையை விட்டுவிட்டு ஒரு தனியார் இன்ரர்நெற் கொம்பனியில் பெரிய ஆளாகிவிட்டான். சிநேகிதம் விட்டுப் போகவில்லை. என் வீட்டு இணைப்பும் அவனுடைய கொம்பனி இணைப்புத்தான். பழுதென்று சொன்னால் இரண்டு மணித்தியாலத்தில் ஆள் வந்து நிற்கும். அதை நான் மறைக்கவில்லை. எங்கள் இலவச வைஃபையைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான். “மச்சான், காசு குடுக்காத சாமான் பழுதானால் ஆர் வந்து சண்டை பிடிப்பான்?” அப்போது அதை வியாபாரக் கதை என்று நினைத்தேன். இன்று யோசித்தால், அதில் ஒரு பெரிய உண்மை இருந்தது. காசு கட்டுகிறவன் ஒரு நிமிடம் நின்றாலே சத்தம் போடுவான். சும்மா வாங்குகிறவன், கிடைக்கிற அளவுக்குத் தன் சீவியத்தை வளைத்துக்கொள்வான். அந்த மூன்று ஒழுங்கைச் சனமும் அரசாங்க இன்ரர்நெற் என்றால் பின்னேரம் மட்டும் வருவது என்றே நம்பியிருந்தார்கள். ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை.

அந்தக் குணம்தான் ஒருநாள் மத்தியானம் கொழும்புத்துறைக்குப் போய் ஒரு படம் எடுத்து வந்தான். கொளுத்தும் வெயிலில் ஒழுங்கை முழுக்கத் தெரு விளக்குகள் எரிகின்றன. படம் முகநூலில் ஏறியது. சபை சூரியனுக்கே வெளிச்சம் பிடிக்கிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். பகலில் மின்சாரத்தை வீணாக்குகிற சபையால் வைஃபை நடத்த முடியுமா, பேசாமல் கொம்பனியிடம் எல்லாப் பெட்டிகளையும் கொடுத்துவிடலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. குணத்தின் கொம்பனியும் தயாராக இருந்தது, ஆனால் சனம் கூடும் இடங்கள் மட்டும் போதும் என்றது. ஒழுங்கைப் பெட்டிகளைக் கழற்ற வேண்டியதுதான். பத்து நாளில் கூட்டம். அதற்குள் என் அறிக்கை வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. முப்பது வருடமாக நான் பார்த்த விளக்குகள். அன்று பின்னேரமே போய், சுவிச் வீட்டில் இருந்த வயதான மனிதரிடம் இரண்டு சத்தம் போட்டேன். பகலில் யார் போடுகிறார்கள் என்று கேட்கவே இல்லை. சுவிச் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டேன். ஆறு மணிக்கும் விடியலிலும் நானே ஆளனுப்பி அதைத் திறந்து பூட்ட ஒழுங்கு செய்தேன். மூன்றாம் நாள் அறிக்கையோடு மிஸ்ஸின் மேசைக்கு முன் நின்றேன்.

“வாசியுங்கோ,” என்றார். எழுந்து நின்றார்.

வாசித்தேன். மத்தியானத்தில் யாரோ படம் இறக்குவதற்காகவோ வேறு கள்ள வேலைக்காகவோ பெட்டியைப் பாவிப்பதாகவும், அதே ஆட்கள் பொறுப்பில்லாமல் விளக்குகளையும் போடுவதாகவும், சுவிச் பூட்டப்பட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தேன்.

“கண்டனீங்களோ, கேட்டனீங்களோ?”

அன்று காலை எடுப்பித்து மேசையில் வைத்திருந்த புது வரைபடத்தின் இரண்டாம் பக்கத்தை அவர் புரட்டினார். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பெட்டி வாங்கியது எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு என்று அதில் இருந்தது. பின்னேரத்தில் வாங்கியது மலை, அனுப்பியது மண்மேடு. மத்தியானக் குன்றில் மட்டும் இரண்டும் ஒரே உயரம்.

“படம் பாக்கிற ஆள் வாங்கும், குடுக்காது,” என்றார். “உந்த ஆள் ஆரோடையோ கதைக்குது. நாற்பது நிமிசமாக் கதைக்குது. நீங்கள் பூட்டுப் போட்ட நாளிலை இருந்து கதை நிண்டு போச்சு. போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே போய் ஒழுங்கை முகப்பில் பூவரச மரத்துக்குக் கீழ் மோட்டார் சைக்கிளை விட்டேன். கடற்காற்றும் இல்லை. பன்னிரண்டரைக்குச் சுவிச் வீட்டுப் படலை திறந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தில் தையல்காரரின் அளவு நாடா, கையில் தொலைபேசி. நேரே போஸ்ற்றடிக்கு வந்தாள். பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், நேற்றும் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், அந்த இழுப்பில் நம்பிக்கை இருக்கவில்லை. பிறகு அப்படியே போஸ்ற்றில் சாய்ந்துகொண்டு நின்றாள். போகவில்லை.

பக்கத்தில் போய், “பிள்ளை, ஏன் பகலிலை லைற் போடுறனீங்கள்?” என்று கேட்டேன். அவள் என் வாயைப் பார்த்தாள். காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள். அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் குறிப்புப் புத்தகத்தையும் பேனையையும் நீட்டினேன். செவிப்புலன் அற்றோர் பள்ளியில் படித்தவள் என்பது எழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அச்சுப் போன்ற எழுத்து. பெயர் ஜெசிந்தா. சுவிச் வீட்டு மனிதர் மாமனார். கணவன் வளைகுடா நாடொன்றில் தச்சு வேலை செய்கிறான். அவனுக்கும் காது கேட்காது. அவனுக்கு ஓய்வு வருகிற நேரத்தில் இங்கே பன்னிரண்டரை. விடுதியில் இணைப்பு இல்லை. வேலைத்தளத்தில் மட்டும் இருக்கிறது. கொம்பனி இணைப்புக் கேட்டுப் போனபோது, ஒழுங்கையில் இன்னும் எட்டு வீடாவது சேர்ந்தால்தான் கேபிள் இழுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். தொலைபேசியில் காசு போட்டு முகம் பார்த்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஒருநாள் பின்னேரம் சுவிச்சைப் போடும்போதுதான் வைஃபையும் கூடவே வருவதைக் கவனித்தாள். அடுத்த நாள் மத்தியானம் போட்டுப் பார்த்தாள். வந்தது.

எழுத்தில் செய்தி அனுப்பலாமே என்று நான் எழுதினேன். புத்தகத்தை வாங்கி அவள் எழுதியதை என்னால் மறக்க முடியாது.

“எழுத்தில் சண்டை பிடிக்கேலாது. கை வேணும்.”

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். அவள் சுவிச்சைப் போட்டாள். ஒழுங்கை முழுக்க விளக்குகள் வெயிலில் மஞ்சளாக எரிந்தன. நான் தலையை உயர்த்திப் பெட்டியைப் பார்த்தேன். அதில் செத்துக் கிடந்த சின்னப் பச்சை விளக்கு கண் திறந்தது. அதுவரை எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. சுவிச் போடாத நேரத்தில் பெட்டிக்கு உயிரில்லை. பகல் முழுக்கத் தரையாக இருந்ததற்குக் காரணம் கடலும் இல்லை, சந்தையும் இல்லை. நான் போட்ட முடிச்சு. மூன்று ஒழுங்கைச் சனத்துக்கும் அரை நாளை நான்தான் இல்லாமல் செய்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்து ஓட்டையை அடைத்த ஒரே ஆளுக்குப் பூட்டும் போட்டிருக்கிறேன்.

அவள் தொலைபேசியைச் சுவிச் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையால் பேசத் தொடங்கினாள். இரண்டு நாள் சண்டை பாக்கி இருந்திருக்கும் போல, கைகள் பறந்தன. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு விளங்காத கதை என்றாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நடுவில் தொலைபேசியைத் திருப்பி என்னை அவனுக்குக் காட்டினாள். திரையில் மெலிந்த ஒரு முகம் என்னைக் கூர்ந்து பார்த்தது. பிறகு அவன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, சாவி போட்டுப் பூட்டுவதுபோல வலப்பக்கம் ஒருமுறை திருகினான். அவள் சிரித்தாள். என்ன சொன்னார் என்று எழுதிக் கேட்டேன்.

“உங்களுக்குப் பேர் வைச்சிருக்கிறார். பூட்டுக்காரர்.”

கந்தோருக்குத் திரும்பி மிஸ்ஸிடம் புத்தகத்தை நீட்டினேன். அவள் சொன்னது எல்லாம் அவளுடைய கையெழுத்தில் இருந்தது. எந்த நிரல் என்று தெரியாமல் பக்கம் முழுக்கக் கோட்டைத் தாண்டி எழுதியிருந்தாள். இதைக் கேட்டது என்று போடுவதா என்று மிஸ்ஸிடமே கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

“ஒரு சத்தமும் வரேல்லை எண்டால் எப்பிடிக் கேட்டது? நீங்கள் கண்டனீங்கள்.” மேலே ‘கண்டது’ என்று சிவப்புப் பேனையால் எழுதினார். பிறகுதான் கேட்டார். “வயர் முடிச்சு ஆற்றை வேலை எண்டு எழுதப் போறியளோ?”

எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. முப்பது வருடக் கோவையில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மின் வயரில் கோளாறு என்று எழுதினால் கேட்க ஒருவரும் இல்லை. மிஸ்ஸும் வற்புறுத்தியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படி எழுதினால் அதை அவர் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். என்னால் முடியாது. இராசரத்தினமாகிய நான் போட்டேன், நானே சோதித்தேன், பகலில் சோதிக்கவில்லை என்று எழுதினேன்.

கூட்டத்தில் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். சுவிச் வீட்டார் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நின்ற உறுப்பினர் ஒருவர், அந்தப் பெண் சொன்னது வெறும் கேள்விக் கதை, அதை எப்படி ஏற்பது என்றார். ரூத் மிஸ் எழுந்து புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, “வாசியுங்கோ” என்றார். அவர் வாசித்தார். சண்டை பிடிக்கேலாது என்ற வரியில் மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பார்வையாளர் வாங்கில் குணம் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தபோது, “எனக்குத் தெரியாது மச்சான். நான் விளக்கைத்தான் பாத்தனான்,” என்றான். நானும் அதைத்தான் பார்த்தேன் என்று சொன்னேன்.

முடிவு முழு வெற்றி ஒன்றும் இல்லை. பஸ் நிலையமும் சந்தையும் பூங்காவும் கொம்பனிக்குப் போயின. உண்மையைச் சொன்னால் அங்கே முன்பைவிட நன்றாகவே நடந்தது. ஒழுங்கைப் பெட்டிகளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதபடியால் அவை சபையிடமே தங்கின. அடுத்த நாள் நான் ஏணியில் ஏறி, எந்த நேரமும் உயிரோடிருக்கும் தனி வயர் ஒன்றை மூன்று பெட்டிகளுக்கும் இழுத்தேன். மிஸ் கீழே நின்று மதிய வெயிலில் இருபது காலடிக்கு ஒருமுறை நடந்து சோதித்தார். அவசரத்தில் அதை வரைபடத்தில் ஏற்றாமல் விட்டது என் இரண்டாவது பிழை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் என் கோவைக்குள் போனது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு, தவநேசனுக்கு அனுப்ப முன்னர், எனக்குள் ஒரு கேள்வி. இந்த வயர் இன்றைக்கும் வேண்டுமா? இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று நான் கண்டதில்லையே. நேற்று மத்தியானம் போனேன்.

ஒழுங்கை மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு கொம்பனி கேபிள் தொங்குகிறது. சுவிச் பெட்டி இல்லை; விளக்குகள் இப்போது தாமாக எரிகின்றன. ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் அவள் கணவன் பலகை சீவிக்கொண்டிருந்தான். ஊரோடு வந்துவிட்டான், வீட்டில் இணைப்பும் இருக்கிறது. அப்படியானால் வயர் வேண்டியதில்லை என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். ரூத் மிஸ் பக்கத்தில் இருந்திருந்தால் வாசிக்கச் சொல்லியிருப்பார்.

பன்னிரண்டரை ஆனது. போஸ்ற்றடிக்கு ஒரு சைக்கிள் வந்தது. பிறகு ஒரு மோட்டார் சைக்கிள், குடையோடு ஒரு பெண். நான்கு பேர். பாசையூர்ப் பக்கத்து ஆட்கள், வீட்டில் இணைப்பு எடுக்க வசதி இல்லாதவர்கள் என்று ஜெசிந்தா பிறகு எழுதிக் காட்டினாள். மதிலில் தொலைபேசிகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எங்கோ இருக்கிற ஒருவரோடு கையால் கதைக்கத் தொடங்கினார்கள். ஜெசிந்தா ஒரு கலன் தண்ணீரோடு படலையைத் திறந்து வந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து, என்னை இழுத்துப் போய் அவர்கள் நடுவில் நிறுத்தினாள்.

சைக்கிள்காரர் நடுத்தர வயது மனிதர். என்னை முன்பின் கண்டதில்லை. ஆனால் பெயர் தெரிந்திருந்தது. ஓ, இவரா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்து வலப்பக்கம் திருகினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் அது சுட்டது. நான் தலையைக் குனிந்தேன். ஜெசிந்தா எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, பூட்டைத் திறப்பதுபோல இடப்பக்கம் திருப்பிவிட்டாள்.

தவநேசன், இதையும் கண்டது என்றே எழுதுங்கோ.